எரியில் இறங்கவா, ஏரியில் இறங்கவா?

ஒரு ஃபேண்டஸி காமிக்ஸுக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று மூன்று வருஷமாக இங்கே பீற்றிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். படம் வரைகிற நண்பர் தன் பங்கை எப்போதோ முடித்துவிட்டார். நான்தான் இழுத்தடிக்கிறேன். கதையில் வரும் ஒரு கூட்டத்துக்கு மொழி செய்ய உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. அதுபற்றிக் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன், நீளமாகப் போனால் மன்னியுங்கள்.

முதலில் ஒரு புகார். இந்த மாதிரிக் கதைகளில் மர்ம எழுத்து என்று ஒன்று கட்டாயம் வரும். குகைச் சுவரில் இருக்கும், வாளில் இருக்கும், மந்திரவாதியின் புத்தகத்தில் இருக்கும். பார்க்க ஜோராக இருக்கும். பிரித்துப் பார்த்தால் ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கும் ஆளுக்கொரு கொம்பு முளைக்க வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். மாறுவேடப் போட்டியில் பாரதியாராக வந்து நிற்கும் ஒண்ணாம் வகுப்புப் பையன் ஞாபகம் வரும். மீசையைத் தொட்டால் கையோடு வந்துவிடும்.

யோக்கியன் மாதிரி பேசுகிறேனே தவிர, நானும் முதலில் செய்தது அதுதான். தமிழின் 12 உயிருக்கும் 18 மெய்க்கும் 30 குறிகள். புள்ளிக்குப் பதில் தலையில் ஒரு சின்ன வட்டம். கோயில் சுவரில் செதுக்கியதுபோல் நண்பர் வரைந்து கொடுத்தார். எட்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளிடம் நாலு பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அக்கா காபி போட்டுக் கொண்டுவருவதற்குள் பாதியை வாசித்துவிட்டாள்.

"எப்படிடி?"

"மாமா, வட்டம் போட்ட ஒரே எழுத்துலதான் எக்கச்சக்க வார்த்தை முடியுது. அது 'ம்'-ஆத்தான இருக்கணும்? அப்புறம் ஒரே எழுத்து ரெண்டு தடவை சேந்து வருது, முன்னாடி இருக்கிறதுக்கு மட்டும் வட்டம். அது 'க்க', 'த்த', 'ப்ப' இதுல ஒண்ணு."

இலக்கண வகுப்பில் தூங்கிவழிந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. தமிழில் எந்த எழுத்து எங்கே நிற்கலாம் என்று கறாரான சட்டம் இருக்கிறது. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. ழ, ள, ற, ன எல்லாம் சொல்லுக்கு முதலில் வராது. குறியை மாற்றினாலும் இந்தச் சட்டம் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும், காட்டிக்கொடுத்துவிடும். பள்ளிக்கூடத்தில் 'கநாகன் கவகரேகன்' என்று ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாலும் 'க' போட்டுப் பேசினோமே, அதே கதைதான். வாத்தியாருக்குப் புரியாது என்று நாம் நம்பினோம்.

ரோஷம் வந்து, அடுத்த முறை தலைகீழாகப் போனேன். தமிழோடு ஒட்டே இல்லாத மொழி. எட்டு வேற்றுமை, மூன்று பால், வினைச்சொல்லுக்குத் தனி அட்டவணை. ஒரு நோட்டுப் புத்தகமே நிரம்பியது. அதையும் அவளிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தாள். "இதுல கண்டுபிடிக்க என்ன மாமா இருக்கு? நீங்களாச் சொன்னாத்தான தெரியும்?"

இந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் நோட்டை மூடிவைத்துவிட்டு, நிஜத்தில் தெரியாத எழுத்தை எப்படி வாசித்தார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். கிரீட் தீவின் லீனியர் பி எழுத்து. 1900இல் தோண்டியெடுத்தது, ஐம்பது வருஷம் யாராலும் வாசிக்க முடியவில்லை. ஆலிஸ் கோபர் என்று புரூக்ளின் கல்லூரிப் பேராசிரியை ஒருவர். யுத்த காலக் காகிதப் பஞ்சத்தில், கிடைத்த தாளையெல்லாம் அட்டைகளாக நறுக்கி, சிகரெட் பெட்டிகளில் அடுக்கி, எந்தக் குறிக்குப் பக்கத்தில் எது வருகிறது என்று எண்ணிக்கொண்டே இருந்தார். என்ன ஓசை என்று ஊகிக்கவே மறுத்தார். ஒரே சொல்லின் வால் மட்டும் மாறுகிறது, ஆகவே இது வேற்றுமை ஏற்கும் மொழி என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. 1950இல் இறந்துபோனார். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக் கலைஞர் பூட்டைத் திறந்தார். சாவி எது தெரியுமா? ஊர்ப் பெயர்கள். கிரீட்டில் கிடைத்த பலகைகளில் மட்டும் திரும்பத் திரும்ப வரும் சில சொற்கள் அந்தத் தீவின் ஊர்களாக இருக்கலாமே என்று ஒரு ஊகம். நோசஸ், அம்னிசஸ் என்று வைத்துப் பார்த்தார், பொருந்தியது. உள்ளே இருந்தது பழைய கிரேக்கம்.

இதை வாசித்தபோது எனக்குக் காமிக்ஸ்தான் ஞாபகம் வந்தது. நாவலில் புதிர் வைத்தால் எழுத்தாளர் அதை வாக்கியமாகச் சொல்லியாக வேண்டும், சொன்னவுடனே வாசகர் உஷாராகிவிடுவார். சினிமாவில் கண் சிமிட்டுவதற்குள் காட்சி போய்விடும். காமிக்ஸில் ஒரு கட்டத்தின் மூலையில் பெயர்ப் பலகையை வரைந்துவிட்டு யாரும் வாயைத் திறக்காமல் போகலாம். முப்பது பக்கம் தாண்டி ஒரு வரைபடம் வரும்போது, வாசகர் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு பின்னால் புரட்டிப் பார்க்கலாம். ஆக, விடைக்கு வேண்டியது அத்தனையும் பக்கங்களுக்குள்ளேயே கிடக்க வேண்டும் என்பது என் கட்சி. கடைசிப் பக்கத்தில் 'எழுத்து அட்டவணை' போடுவது பரீட்சை ஹாலில் பிட் கொடுப்பது.

மொழியையும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அகராதியில் ஆரம்பித்தால் வேலைக்கு ஆகாது. அந்த ஜனங்கள் எங்கே நிற்கிறார்கள், எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் ஆரம்பிக்க வேண்டும். நம் கிழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் இருக்கிற பக்கம் கிழக்கு, மேல் இருக்கிற பக்கம் மேற்கு. மேற்கே மலை, கிழக்கே கடல், நிலம் அந்தப் பக்கம் சரிகிறது. தமிழ்நாட்டின் வரைபடம் இரண்டு சொல்லில் இருக்கிறது. இப்போது மலையைத் தாண்டுங்கள். கேரளத்தில் மேற்குக்குப் 'படிஞ்ஞாறு', ஞாயிறு படுகிற இடம் என்று வேறு சொல் வந்துவிட்டது. கிழக்கு மட்டும் கிழக்காகவே இருக்கிறது. ஆனால் அங்கே கிழக்கில் நிற்பது மலை! தலைக்கு மேலே இருக்கும் திசையைக் 'கீழ்' என்கிறார்கள். மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து போனவர்களின் பேச்சு அது என்பதற்கு இதையே சான்றாக 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் காட்டினார்.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் போனது. இதைவிட நல்ல புதிரை யார் யோசித்துவிட முடியும்?

அப்படியே என் கதைக்குள் இறக்கிவிட்டேன். உப்பெடுத்துப் பிழைக்கும் ஒரு தீவுக் கூட்டம். ஆறாம் பக்கத்தில் ஏணியில் ஏறும் பையனைப் பார்த்துக் கீழே நிற்பவர்கள் "தூ! தூ!" என்று கத்துகிறார்கள். பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு கிழவி கிழக்கே கடலைக் காட்டி "தூவா" என்கிறாள். யாரும் எதையும் விளக்குவதில்லை. கடலை ஏன் 'மேல்' என்கிறாள் என்று கேட்கிற வாசகருக்கு, இவர்களின் பூர்வீக ஊரில் கிழக்கே மலை இருந்திருக்கிறது என்பது கதாநாயகனுக்கு முன்னால் தெரிந்துவிடும். இதற்கு எனக்குச் செலவான சொற்கள் இரண்டு. நோட்டில் கிடந்த எட்டு வேற்றுமையும் வீண்.

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். நல்லவர்களுக்கு ல, ய, ன என்று இழையும் மொழி, கெட்டவர்களுக்கு 'க்ராக், கர்ர்' என்று காறித்துப்பும் மொழி. 2015இல் வந்த பாகுபலிக்காக மதன் கார்க்கி கிளிக்கி மொழியை இலக்கணத்தோடு உட்கார்ந்து செய்தார். அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு. அதையும் கடைசியில் காலகேயர் வாயில்தான் வைத்தார்கள். டின்டினை வரைந்த எர்ஜே சில்டேவியா என்ற கற்பனை நாட்டுக்கு மொழி செய்தபோது தன் ஊரான பிரஸ்ஸல்ஸின் தெருப்பேச்சை எடுத்துத் திருகிவிட்டார். அந்த ஊர்க்காரர்கள் மட்டும் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள். நமக்கும் சரக்கு இல்லாமலில்லை. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று குழூஉக்குறிக்கு உதாரணம் படித்தோம். மார்க் வாங்கியதோடு சரி, யாராவது அதை வைத்துக் கதை பண்ணினோமா?

சரி, தலைப்புக்கு வருகிறேன். என் கதையின் பெரிய புதிர் ஓர் ஓலை. அதில் இருப்பது இவ்வளவுதான்:

எரியில இறஙகு கொடியில நில

பழைய ஓலைகளில் புள்ளி இருக்காது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று விட்டுவிடுவார்கள். எகர ஒகரங்களுக்கும் புள்ளி உண்டு என்கிறது தொல்காப்பியம். புள்ளி இருந்தால் குறில், இல்லாவிட்டால் நெடில். ஓலையில் புள்ளியே இல்லையென்றால் குறிலா நெடிலா என்று யார் சொல்வது? இன்றைக்கு நாம் எழுதும் ஏகார ஓகாரம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தம் என்பார்கள். ஆக இந்த ஓலையை எரியில் இறங்கு என்றும் வாசிக்கலாம், ஏரியில் இறங்கு என்றும் வாசிக்கலாம். கொடியிலும் நிற்கலாம், கோடியிலும் நிற்கலாம். எதிரே ஒரு ஏரி, பக்கத்தில் நெருப்புக் குண்டம், பாறையிலிருந்து தொங்கும் ஒரு கொடி. கதாநாயகன் அவசரக்குடுக்கை. துப்பு நாலாம் பக்கத்தில், திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒரு பையனின் காதைத் திருகிக்கொண்டிருக்கும் கட்டத்தில் இருக்கிறது. அதற்குமேல் இங்கே சொல்ல மாட்டேன்.

போன மாதம் பக்கங்களை டிடிபிக்குக் கொடுத்தேன். வேலை முடிந்து அந்த அண்ணன் போனில் கூப்பிட்டார். "தம்பி, ஒரு எடத்துல எழுத்துப்பிழை நெறைய இருந்துச்சு. புள்ளியெல்லாம் விட்டுப்போயிருந்துச்சு, நானே போட்டுட்டேன். அப்புறம் 'எரியில'ன்னு இருந்துச்சு, ஏரின்னு மாத்திட்டேன். நெருப்புல யாராச்சும் எறங்குவாங்களா?"

நல்ல மனுஷன். கோபப்படக்கூட முடியவில்லை. மூன்று வருஷப் புதிரைப் போகிற போக்கில் அவிழ்த்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாக எடுக்கச் சொன்னபோது என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே!

புள்ளியில்லாத பிரதி ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளிடம் போனது. திங்கள் ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு வரி: 'மாமா அவன் ஏன் நெருப்புல குதிச்சான்??' நான் பதில் போடவில்லை. இன்று காலையில் இன்னொன்று: 'நாலாம் பக்கம்!!!'

கொடி விஷயமாக இன்னும் ஒன்றும் வரக்காணோம்.