பிள்ளைகள் இருக்கும் ஊர்

"விவாகரத்துதான் ஆயிடுச்சே, இன்னும் ஏன்டா அவ பின்னாடியே போற?"

நான் கனடா கிளம்பியபோது பெரியப்பா கேட்டது. அவள் பின்னால் போகவில்லை பெரியப்பா, என் பிள்ளைகள் இருக்கும் ஊருக்குப் போகிறேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அவரைப் போல நிறைய பேர் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2021இல் மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. அவர்களின் அம்மாவுக்கு டொரண்டோ பக்கம் நல்ல வேலை கிடைத்தது. பிள்ளைகளை அழைத்துப்போக என் சம்மதக் கடிதம் வேண்டும். கோர்ட்டில் தடை வாங்கு என்றார்கள் நண்பர்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அவள் நல்ல அம்மா. தினமும் வீடியோ காலில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

குளிர்காலத்தில் சென்னைக்கும் டொரண்டோவுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அவர்கள் ஸ்கூல் விட்டு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால் எனக்கு ராத்திரி இரண்டரை. அலாரம் வைத்து எழுந்து, முகம் கழுவி, தலை சீவி உட்காருவேன்.

"சாப்டியா கண்ணா?"

"ம்."

"ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?"

"ம்."

ஒரே வருடத்தில் அவனுடைய தமிழில் அந்த "ம்" மட்டும்தான் மிச்சம். எதிரே உட்காரவைத்துக் கேட்டால் குழந்தைகள் சொல்லமாட்டார்கள். ஷூ மாட்டும்போது, தோசையைப் பிய்க்கும்போது, தூக்கம் கண்ணைச் சுற்றும்போது அவர்களாகச் சொல்வார்கள். அப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் காதில்தான் விழும்.

சரி, போய்விடலாம் என்றால் வழி இல்லை. பெற்றோரை ஸ்பான்சர் செய்யப் பிள்ளைக்கு 18 வயது ஆகவேண்டும். புள்ளி போட்டு ஆட்களைக் குடியேற அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், துணை இல்லாதவருக்கு 29 வயது வரை வயதுக்காக 110 புள்ளி. 40 வயதில் 50. 45 ஆனால் ஒன்றுமில்லை. கூடப்பிறந்தவர் அங்கே குடியிருந்தால் 15 புள்ளி உண்டு. பெற்ற பிள்ளை இருந்தால் ஒரு புள்ளிகூடக் கிடையாது. அதைப் படித்த அன்று ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

இதே கனடாதான் விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தி, 2021இல் அமலுக்குக் கொண்டுவந்தபோது 'கஸ்டடி' என்ற சொல்லையே எடுத்துவிட்டு, பெற்றோர் பிள்ளையோடு இருக்கும் நேரம் என்று எழுதியது. நாட்டுக்குள் இருக்கும் அப்பாவுக்குக் காட்டும் கரிசனத்தில் கொஞ்சம் வெளியே நிற்பவனுக்கும் காட்டக்கூடாதா? பிரிட்டனில் நிரந்தரமாக வாழும் பிள்ளையோடு இருக்கப் பெற்றோருக்கென்றே ஒரு விசா வழி உண்டு. கனடாவும் செய்யலாம், செய்யவேண்டும்.

எனக்குக் கைகொடுத்தது பிரெஞ்சு. நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸில் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தேன். 2023இல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனிச்சுற்று தொடங்கினார்கள். அதில் புள்ளி குறைந்தவர்களுக்கும் அழைப்பு வந்தது.

2024 நவம்பரில் வந்து இறங்கினேன். சென்னையில் டீம் லீட், இங்கே முதல் ஏழு மாதம் கிடங்கில் நைட் ஷிப்ட். வாடகைக்குப் பிடித்தது ஒரு பேஸ்மென்ட் அறை. பிள்ளைகளின் ஸ்கூலுக்கு நடந்து போகிற தூரம். வேறெதையும் பார்க்கவில்லை.

புதன்கிழமைகளில் நான்தான் அழைத்து வருகிறேன். முதல் இரண்டு வாரம் மகன் வழியெல்லாம் பேசவே இல்லை. மூன்றாவது வாரம் பனிக்கட்டியை உதைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமலே சொன்னான்: "ஸ்விம்மிங் கிளாஸ்ல நான் அழுதேன்ப்பா. அக்காகிட்ட சொல்லாத."

மாதாமாதம் பணம் அனுப்பிவிட்டால் அப்பா வேலை முடிந்தது என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். வளைகுடாவில் உழைத்த அப்பாக்களைச் சொல்லவில்லை, அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் முன்னாள் மனைவியைத் தோற்கடிக்கவே வருடக்கணக்கில் கேஸ் நடத்தும் நண்பர்களே, உங்களைக் கேட்கிறேன். அந்தக் காசிலும் அந்த வருடங்களிலும் பிள்ளைக்குப் பக்கத்துத் தெருவுக்கு வரமுடியுமா என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. என் அம்மாவுக்கு 73 வயது, திருச்சியில் தனியாக இருக்கிறார். அங்கே விடியும் நேரம் பார்த்து வீடியோ காலில் கூப்பிடுகிறேன்.

"சாப்டியாம்மா?"

"ம்."