ஓடி ஒளிகிறானாம்!

வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்த மேடைப் பேச்சுக் காணொளியை நாகர்கோவில் முழுக்கப் பகிர்ந்து, கடைசியில் எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டீர்கள். "கணினிக்குள் உலகம் கட்டுகிறவன் வாழ்க்கையிலிருந்து ஓடி ஒளிகிறான்." அதற்குக் கைதட்டல் வேறு.

சரி அய்யா, எங்கள் அக்கா மகன் எங்கே ஓடுவான்? விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும்போது பைக் சரிந்து முதுகுத்தண்டு போனது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

இப்போது மைன்கிராஃப்ட் என்ற, கட்டை அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டில் மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறான். அங்கே ஒரு கட்டை ஒரு மீட்டர் கணக்கு. 115 அடி உயரத்துக்கு 35 கட்டை. மொத்தம் 28 தூண். கீழே பறளியாறு, மேலே தொட்டிக்குள் பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீர். வெளியூர்ப் பிள்ளைகளும் சேர்ந்து கட்டுகிறார்கள், இவன்தான் தலைமைக் கொத்தனார். "மாமா, தொட்டிக்குள்ள அகலம் எவ்வளவுன்னு அளந்துட்டு வாருங்க" என்று என்னை டேப்போடு அனுப்பினான். சுற்றுலா வந்த ஒருவர் என்னைப் பொதுப்பணித்துறை ஆள் என்று நினைத்து, கைப்பிடிக்கு எப்போது பெயின்ட் அடிப்பீர்கள் என்று கேட்டார்! விபத்துக்குப் பிறகு என்னிடம் அவன் கேட்ட முதல் வேலை அது. இதுவா ஓடி ஒளிவது?

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஒரு பையன். தசைச்சிதைவு நோய், சக்கர நாற்காலி. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டிலேயே கிடக்கிறான், பாவம், தனிமை என்று பெற்றோர் நினைத்திருந்தார்கள். 2014-ல் 25 வயதில் இறந்தான். அதன்பிறகுதான் பல நாடுகளிலிருந்து நண்பர்களின் அஞ்சல்கள் வந்து குவிந்தன. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தீக்காயக்காரர்களுக்குப் புண்ணைச் சுத்தம் செய்யும்போது ஸ்னோவேர்ல்டு என்ற கணினிப் பனி உலகத்தைக் காட்டும் கருவியைக் கண்ணில் மாட்டிவிடுகிறார்கள். பனி உருண்டை எறிவதில் கவனம் போக, வலி குறைகிறது. அவர்களும் ஓடுகிறவர்கள்தானா?

"ராத்திரி பகலாக விளையாடிக் கெட்டுப்போகிற பிள்ளைகள்?" இருக்கிறார்கள். அதைப் பற்றித் தனியாக எழுதுங்கள், நானே பகிர்கிறேன். "உடற்பயிற்சி செய்யலாமே?" தினமும் காலையில் அக்காதான் அவன் காலை மடக்கி நீட்டுகிறாள். வந்து ஒருநாள் பிடித்துப் பாருங்கள். "நிஜ மனிதர்களோடு பழகட்டும்." இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எந்த நிஜ மனிதர்கள்? முதல் மாதம் ஹார்லிக்ஸோடு வந்தவர்களா? அதன்பிறகு வாசல் பக்கமே காணோமே! வங்கிக்குப் படி, கல்யாண மண்டபத்துக்குப் படி, நூலகத்துக்குப் படி. நீங்கள் கட்டிய உலகத்தில் அவன் நுழைய வழி வைக்கவில்லை, அவன் கட்டியதையும் குறை சொல்கிறீர்கள்.

போன மாதம் சொந்தக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். பையன் காதுபடவே, "இவனைக் கூட்டிட்டு வந்து கஷ்டப்படுத்தாண்டாம்" என்றார். அக்கா ஒன்றும் சொல்லாமல் பத்திரிகையை வாங்கி வைத்தாள். நான் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஆமாம், கோபம்தான். மொய்யும் எழுதவில்லை.