ஹிட்லர் யாருக்கும் கார் கொடுக்கவில்லை

முந்தாநாள் நம் கார் குழுவில் வந்த அந்தப் பதிவைப் பற்றித்தான் சொல்கிறேன், ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் பீட்டில் காரைப் பற்றியது. 'ஏழைக்கும் கார் கொடுத்த தலைவன்' என்று ஹிட்லரைப் புகழ்ந்திருந்தார்கள். அதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்து மனசு ஆறவேயில்லை.

கொடுக்கவில்லை ஐயா. அந்தக் காருக்காக ஹிட்லர் அரசு நடத்திய சேமிப்புத் திட்டத்தில் சேர்ந்த ஒருவருக்கும் கொடுக்கவில்லை. காரின் விலை 990 மார்க் (ஜெர்மன் பணம்). வாரம் 5 மார்க் ஸ்டாம்ப் வாங்கி அட்டையில் ஒட்ட வேண்டும். சுமார் 3,36,000 பேர் ஒட்டினார்கள். முழுப் பணமும் கட்டி முடித்தவர்களுக்குக்கூட வண்டி வரவில்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் தொழிற்சாலை ராணுவ வண்டி செய்யப் போய்விட்டது.

என் அம்மா வாராவாரம் சீட்டுக் கட்டியவர். நடத்தியவர் ஓடிப்போன பிறகும் அந்த அட்டையை பீரோவில் புடவைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். கட்டிய பணம் போவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஏமாற்றியவனையே வள்ளல் என்று யாராவது சொன்னால் எப்படிப் பொறுப்பது?

"பொறியாளர் போர்ஷே வடிவமைத்தார், ஹிட்லர் செய்யச் சொன்னார், இல்லையா?" என்பீர்கள். ஆமாம். அதிலும் டாட்ரா என்ற செக் நாட்டுக் கம்பெனியின் கார்களின் சாயல் இருந்தது. வழக்குப் போட்ட டாட்ரா தரப்புக்கு ஃபோக்ஸ்வாகன் 1960களில் பணம் கொடுத்துத்தான் தீர்த்தது. சரி, அதை விடுங்கள். குடும்பங்கள் ஏறிப்போன பீட்டில் எப்போது வந்தது? 1945க்குப் பிறகு. குண்டு விழுந்து சிதைந்த தொழிற்சாலையை ஐவன் ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் மேஜர் மீட்டார். ஒரு காருக்குப் பச்சை பெயின்ட் அடித்து மேலிடத்துக்குக் காட்டினார். பிரிட்டிஷ் ராணுவம் 20,000 வண்டி கேட்டது. ஓட்டைக் கூரையின் கீழ், இரும்புக்கும் உணவுக்கும் தட்டுப்பாடான காலத்தில் தொழிலாளிகள் அதைச் செய்தார்கள். 1948இல் ஹைன்ஸ் நோர்ட்ஹோஃப் என்ற ஜெர்மானியர் கம்பெனியின் தலைமைப் பொறுப்பேற்றார். 1955இல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. ஹிட்லர் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது!

பழைய சேமிப்பாளர்கள் நீதிமன்றம் ஏறி இறங்கி, 1961இல்தான் ஒரு முடிவு வந்தது: புதுக் காரில் 600 மார்க் வரை தள்ளுபடி, இல்லையென்றால் 100 மார்க் ரொக்கம். அதைக் கொடுத்ததும் போருக்குப் பிந்தைய கம்பெனிதான்.

"கார் பதிவில் அரசியல் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று. போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கானோர் கட்டாய வேலை செய்தார்கள். போலந்து, சோவியத் பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளைப் பிரித்து ரூயன் என்ற ஊரில் வைத்தார்கள். 300க்கும் மேற்பட்ட குழந்தைகள் கவனிப்பாரின்றிச் செத்தன. பொறுப்பிலிருந்த டாக்டருக்குப் போருக்குப் பின் மரண தண்டனை. இதையும் படித்துவிட்டு ஹிட்லரை ஏழைகளின் தலைவன் என்பவர்கள் என் நட்புப் பட்டியலிலிருந்து தாங்களாகவே விலகிக்கொள்ளுங்கள்.