அந்தப் பயண நூலை எழுதியது மகெல்லன் அல்ல

இணையத்தில் பகிரப்படும் வண்ண வரைபடப் பக்கங்களை, கடலோடி மகெல்லன் உலகைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பியபின் தன் கைப்பட எழுதிய நூல் என்று சொல்கிறார்கள். நூல் உண்மையானதுதான், ஆனால் எழுதியவர் வேறு. மகெல்லனுடன் கப்பலில் போன இத்தாலியர் அன்டோனியோ பிகாஃபெட்டா.

மகெல்லன் ஊர் திரும்பவே இல்லை. 1521 ஏப்ரல் 27 அன்று பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில் நடந்த சண்டையில் இறந்துவிட்டார். அதே சண்டையில் பிகாஃபெட்டாவுக்கும் முகத்தில் நச்சு அம்பு பட்டு வீங்கியது. அந்த வீக்கத்தால்தான் சில நாள் கழித்து செபுவில் நடந்த விருந்துக்கு அவர் போகவில்லை. போன பலர் அங்கே கொல்லப்பட்டார்கள். இந்தப் பகுதியைப் படிக்கும்போது இப்போதும் எனக்கு மனம் பதறும். 1522 செப்டம்பரில் பயணத்தை முடித்துவைத்த எல்கானோ தலைமையில் விக்டோரியா கப்பலில் ஸ்பெயின் வந்து சேர்ந்த 18 பேரில் பிகாஃபெட்டாவும் ஒருவர்.

நீங்களே சரிபார்க்கலாம். யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகம் தன்னிடமுள்ள பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் செபு, மக்தான் தீவுகளின் வரைபடத்தைத் தேடுங்கள். தெற்கு மேலே இருக்கும், அதனால் முதலில் கொஞ்சம் குழப்பும். மக்தான் அருகே 'தலைமைத் தளபதி (அதாவது மகெல்லன்) இங்கே இறந்தார்' என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கும். அப்புறம் தேதிகளைப் பாருங்கள், மகெல்லன் இறந்த பிறகும் கதை 1522 செப்டம்பர் வரை தொடர்கிறது.