டெய்லர் அண்ணாச்சியின் சத்திய சோதனை

(செங்கோட்டை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு தையக்கடை. மேஜையில பிளவுஸ் துணி வெட்டாமக் கிடக்கு, அதுக்கு மேல நாலு லைப்ரரி புத்தகம், ஒண்ணுக்குள்ள அடையாளத்துக்கு இஞ்ச் டேப்பு சொருகியிருக்கு. ஆறுமுகம் அண்ணாச்சி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வாசிச்சிக்கிட்டு இருக்காரு. இசக்கி ஆட்டோவை ஆஃப் பண்ணாமலே உள்ள வாரான்.)

இசக்கி: அண்ணாச்சி, பிளவுஸ் ரெடியா? நாளைக்கு புனலூர்ல மச்சினன் வீடு பால்காய்ச்சு, காலையில ரயிலைப் பிடிக்கணும்.

ஆறுமுகம்: உக்காருல. ஒரு அத்தியாயம்தான் பாக்கி.

இசக்கி: துணி நான் குடுத்த மடிப்பு கூட கலையாம கெடக்கு!

ஆறுமுகம்: நான் இப்ப ஒரு பெரிய முடிவு எடுத்திருக்கேன். சுயசரிதை எழுதப் போறேன்.

இசக்கி: யாரோடது?

ஆறுமுகம்: சுயசரிதைன்னா என்னோடதுதாம்ல! ஆறு மாசமா நானும் பெரிய மனுசங்க வாழ்க்கைய வரிசையா வாசிச்சுப் பாத்துட்டேன், அவங்க செஞ்ச கிறுக்குத்தனம் பூராவும் நானும் செஞ்சிருக்கேன், ஒண்ணு கூட விடல. அவங்க கூடுதலா வேற சில வேலையும் செஞ்சாங்க, அதான் வித்தியாசம்.

இசக்கி: (ஆட்டோவை ஆஃப் பண்ணிட்டு வந்து ஸ்டூல்ல உக்காருதான்) என்ன கிறுக்குத்தனம்?

ஆறுமுகம்: டார்வின் தெரியும்லா, குரங்குல இருந்து மனுசன்னு சொன்னவரு. வாலிபத்துல அவருக்கு வண்டு பிடிக்கிற பைத்தியம். ஒரு நாள் மரப்பட்டைய உரிச்சா ரெண்டு அபூர்வ வண்டு, கைக்கு ஒண்ணாப் பிடிச்சிட்டாரு, அப்பம் பாத்து மூணாவதா ஒண்ணு வருது. வலது கை வண்டைத் தூக்கி வாயில போட்டுட்டாரு. அது உள்ள காரமா என்னமோ பீச்ச, நாக்கு எரிஞ்சு துப்பிட்டாரு. அந்த வண்டும் போச்சு, மூணாவதும் போச்சு.

இசக்கி: சரி, நீங்க எப்பம் வண்டு தின்னிய?

ஆறுமுகம்: பட்டன். ரெண்டு கையிலயும் துணி, உதட்டுல பட்டன், அந்த நேரம் பாத்து போன் வருது. ஹலோன்னேன்.

இசக்கி: அவரு துப்பிட்டாருல்லா அண்ணாச்சி.

ஆறுமுகம்: அதான் சொன்னேன்லா, சின்ன வித்தியாசம்னு.

இசக்கி: இதயெல்லாம் எவன் வாசிப்பான்? கலாம் மாதிரி கஷ்டப்பட்டு மேல வந்திருக்கணும்.

ஆறுமுகம்: அதையும் பாத்தேன். 1939ல யுத்தம் வந்தப்ப அவருக்கு எட்டு வயசு, திடீர்னு புளியங்கொட்டைக்கு கிராக்கி, ராமேஸ்வரத்துல பொறக்கி கடையில குடுத்தா ஒரு நாளைக்கு ஒரு அணா. நம்ம ஊருல புளிய மரத்துக்கா பஞ்சம், எம் மவனைக் கூப்பிட்டு போயி பொறக்குலன்னேன். ஒரு கிலோ ஆன்லைன்ல என்ன ரேட்டுன்னு போனை எடுத்துப் பாக்கான். எங்கல மேல வர?

(பெரிய மனுசங்க புத்தகம் வாசிச்சதும் அதைப் பிள்ளைங்க மேல பரீட்சை பண்ணாத தகப்பன் எங்க ஊருல கிடையாது. சரி, கதைக்கு வருவோம்.)

ஆறுமுகம்: உ.வே.சா. சரித்திரத்துல ஒரு இடம் வரும், கண்ணு கலங்கிரும். 1880ல கும்பகோணம் காலேஜ்ல வாத்தியாரா இருக்காரு, சேலம் ராமசாமி முதலியாருன்னு ஒரு முன்சீப் அந்த ஊருக்கு வாராரு. என்னென்ன படிச்சிருக்கியன்னு கேக்க, இவரு அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம்னு அடுக்குதாரு. அவரு அசரவே இல்ல, இதெல்லாம் படிச்சு என்ன பிரயோசனம்னுட்டு, சீவக சிந்தாமணி படிச்சிருக்கியளான்னு கேட்டாரு. அந்த ஒரு கேள்விதாம்ல! அங்க இருந்துதான் ஏடு தேடி ஊர் ஊரா அலைஞ்சு, 1887ல சிந்தாமணிய அச்சுல கொண்டுவந்து, பொறவு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு எல்லாம்.

இசக்கி: உங்கள்ட்ட எந்த முன்சீப் வந்தாரு?

ஆறுமுகம்: தென்காசியில இருந்து ஒரு அம்மா. என்னென்ன தெப்பியன்னு கேட்டுச்சு. சட்டை, பேன்ட், சாதா பிளவுஸ், லைனிங் பிளவுஸ், பாவாடை, தலையணை உறைன்னு அடுக்குனேன். அசரல. ஆரி ஒர்க் தெரியுமான்னு கேட்டுச்சு.

இசக்கி: ஊர் ஊராத் தேடி அலைஞ்சியளோ?

ஆறுமுகம்: எதுத்த கடையில தெரியும்னு சொல்லி அனுப்பிட்டேன்.

இசக்கி: அவரு அதை எழுதி முடிச்சாரா?

ஆறுமுகம்: எங்க முடிச்சாரு! 1940ல இருந்து ஆனந்த விகடன்ல வாராவாரம் வந்துச்சு, 1942ல அவரு காலமாயிட்டாரு, 122 அத்தியாயத்தோட பாதியில நிக்குது.

இசக்கி: பாதியிலயாவது நிக்கி. எம் பொண்டாட்டி பிளவுஸ் முதல் அத்தியாயத்துக்கே வரலையே.

ஆறுமுகம்: குறுக்க பேசாத. எம் புத்தகத்துக்கு முதல் அத்தியாயம் எங்க தாத்தா. அவரு பொறந்தது திருவிதாங்கூர் மகாராஜா சீமையில. 1949ல அது திரு-கொச்சி ஆச்சு. 1956 நவம்பர் 1ல செங்கோட்டைய மெட்ராஸ் ஸ்டேட்டோட சேத்தாங்க. 1969ல அதுக்கே தமிழ்நாடுன்னு பேர் வச்சாங்க. நாலு ராஜ்ஜியம் பாத்த மனுசன்.

இசக்கி: பயங்கர டூர் அடிச்சிருக்காரு போல.

ஆறுமுகம்: திண்ணைய விட்டு எறங்கல. அப்பம் பார்டர் இந்தா இருக்க பிரானூர்லதான், அது வரைக்கும் நடந்துட்டு வந்தாலே கால் வலிக்கும்பாரு. இன்னைக்கும் பாரு, புரோட்டா திங்கப் போறவன் எல்லாம் பார்டர் பார்டர்னுதான் சொல்லுதான், கேரளா புளியரைக்கு அங்குட்டுல்லா கெடக்கு. பார்டர் எழும்பிப் போயிட்டு, பேரு மட்டும் அங்கனயே உக்காந்திருக்கு, எங்க தாத்தா மாதிரி.

இசக்கி: இது நல்லாத்தான் இருக்கு. பேசாம வ.உ.சி. மாதிரி பாட்டாவே எழுதிருங்க, அவரு சுயசரிதை அகவல்லதான் எழுதியிருக்காருன்னு எங்க வாத்தியாரு சொல்லியிருக்காரு.

ஆறுமுகம்: அவரு செக்கு இழுத்தவரு, அகவலும் இழுப்பாரு. நமக்கு மெஷினே இழுக்குது. நான் காந்தி வழி.

இசக்கி: அய்யய்யோ.

ஆறுமுகம்: டெய்லரா வாசிச்சாதாம்ல அந்தப் புத்தகத்தோட அருமை தெரியும். லண்டன்ல படிக்கப் போனவரு பாண்ட் ஸ்ட்ரீட்ல பத்து பவுன் குடுத்து கோட்டு சூட்டு தெச்சாரு.

இசக்கி: பத்து பவுனா! இன்னைக்கு விக்கிற விலைக்கு கல்யாணமே முடிச்சிரலாமே.

ஆறுமுகம்: தங்கம் இல்லல, வெள்ளக்காரன் துட்டு. அதுக்கு மேல பத்தொம்பது ஷில்லிங்குல தொப்பி, டான்ஸ் கிளாஸ், மூணு பவுனுக்கு வயலின். டான்ஸ்ல தாளத்துக்கு கால் வரலையாம், ஒளிக்காம எழுதியிருக்காரு. அப்பேர்ப்பட்ட கஸ்டமரு 1921 செப்டம்பர் 22ல நம்ம மதுரையில வச்சு முழத்துண்டுக்கு மாறிட்டாரு. நாட்டுக்கு நல்லதுதான், நான் இல்லங்கல. ஆனா தொழிலாளி மனசுன்னு ஒண்ணு இருக்குல்லா. அந்த சேதி புத்தகத்துல கிடையாது, 1920 நாக்பூர் காங்கிரஸோட நிறுத்திட்டாரு.

இசக்கி: அண்ணாச்சி, மணி அஞ்சாவுது.

ஆறுமுகம்: இதை மட்டும் கேளு. பதினஞ்சு வயசுல, அண்ணன் பட்ட இருபத்தஞ்சு ரூவா கடனை அடைக்க, அண்ணன் கையில கெடந்த காப்புல இருந்தே கொஞ்சம் தங்கத்தை வெட்டி எடுத்துட்டாரு. மனசு கேக்கல. வாயால சொல்லத் தைரியம் இல்லாம சீட்டுல எழுதி அப்பா கையில குடுத்தாரு. அவரு சுகமில்லாம படுத்திருந்தவரு, எழுந்து உக்காந்து வாசிச்சாரு. கண்ணுல இருந்து சொட்டுச் சொட்டா தண்ணி. ஒரு வார்த்தை திட்டல. சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு மறுபடியும் படுத்துட்டாரு.

(ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல. அண்ணாச்சி டிராயரைத் திறந்து, நாலா மடிச்ச ஒரு காகிதத்தை எடுத்து இசக்கி கையில குடுக்காரு.)

இசக்கி: என்ன இது, பில்லா?

ஆறுமுகம்: வாசி.

இசக்கி: "அன்புள்ள இசக்கிக்கு. பதினாலு வருசத்துக்கு முந்தி உன் கல்யாணச் சட்டைக்கு ரெண்டேகால் மீட்டர் வேணும்னு சொன்னேன். நீ கொண்டுவந்தது அகலத் துணி. ஒண்ணு அறுவதே போதும். மிச்சம் அறுபத்தஞ்சு சென்டிமீட்டரை உன்னிடம் சொல்லாமல் எடுத்து, அப்போது மூணு வயசான என் மகனுக்கு..." (எழும்புதான்) அண்ணாச்சி!

ஆறுமுகம்: கண்ணுல தண்ணி வருதா?

இசக்கி: அந்த சந்தனக் கலர்! மூணு வயசுப் பய! கல்யாண ஆல்பத்துல மேடையில நானும் அவனும் ஒரே துணியில நிக்கோம், அதுலயும் அவன் எங் காலைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு! எங்க மாமியாரு புனலூர்காரி, அந்த போட்டோவைப் பாத்த நாள்ல இருந்து, ஒவ்வொரு ஓணத்துக்கும் ஆல்பத்தைத் தொறந்து வச்சு, "ஈ குட்டி ஆருடேயா?"ன்னு கேக்கா. டெய்லர் மவன்னா நம்ப மாட்டேங்கா. டெய்லர் மவனுக்கு எதுக்கு மாப்பிள்ளை சட்டைன்னு கேக்கா. நான் என்னத்தச் சொல்ல, எனக்கே தெரியாதே! பதினாலு வருசம் அண்ணாச்சி!

ஆறுமுகம்: பய ஆசையா இருந்தாம்ல. சரி, வாசிச்சாச்சுல்லா, கிழிச்சிரு.

இசக்கி: கிழிக்கவா? இப்பமே போயி லேமினேஷன் போடுதேன். நாளைக்குப் புது வீட்டு ஹால்ல சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுதேன். அடியில ஒரு கையெழுத்தும் கடை சீலும் போடுங்க.

ஆறுமுகம்: ஏல, காந்தியோட அப்பா கிழிச்சாருல்லா!

இசக்கி: அவரு பெத்த தகப்பன் அண்ணாச்சி. நான் கஸ்டமரு.

(அண்ணாச்சி கொஞ்ச நேரம் சீட்டையே பாக்காரு. கையெழுத்துப் போடுதாரு. சீல் அடிக்காரு. புத்தகத்துல இருந்து இஞ்ச் டேப்பை உருவி கழுத்துல போட்டுக்கிட்டு கத்திரிக்கோலைத் தேடுதாரு.)

ஆறுமுகம்: கொக்கி முன்னாலயா, பின்னாலயா?

இசக்கி: முன்னால. வெட்டுன மிச்சத்தையும் கவர்ல போட்டுத் தாங்க.