சூடாக்கினால் பீரில் ஆல்கஹால் போய்விடுமா?

"வீட்டில் காய்ச்சிய பீர் ரொம்ப ஸ்ட்ராங்கா? 78 டிகிரியில் பத்து நிமிடம் வையுங்கள், ஆல்கஹால் முழுக்க ஆவியாகிவிடும். இல்லையென்றால் சர்க்கரை சேருங்கள்." இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

78 டிகிரி என்பது தனி எத்தனாலின், அதாவது பீரில் உள்ள ஆல்கஹாலின், கொதிநிலை. தண்ணீரோடு கலந்திருந்தால் அது அவ்வளவு லேசில் பிரிந்து போகாது. அமெரிக்க வேளாண்துறை வெளியிட்ட அட்டவணையை யாரும் இணையத்தில் பார்க்கலாம்: சமையலில் சேர்த்து 15 நிமிடம் கொதித்த பின்னும் சுமார் 40 சதவீத ஆல்கஹால் மிஞ்சுகிறது, ஒரு மணி நேரம் கழித்தும் 25. அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பிக் குடித்துவிட்டு வண்டி எடுத்தால் வம்புதான்.

சர்க்கரை இன்னும் மோசம். பீரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட் அதையும் தின்று ஆல்கஹாலைக் கூட்டும். மூடிய பாட்டில் வெடிக்கவும் கூடும்.

சரி, என்ன செய்வது? கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை, தளும்பாமல் மெதுவாகச் சேர்க்கலாம். 8 சதவீத பீர் 10 லிட்டருக்கு 6 லிட்டர் விட்டால் 5 சதவீதம். கொதிக்க வைப்பது கிருமிக்காக மட்டுமல்ல. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் தங்கினால் பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும். சுவை நீர்க்குமே என்றால், லேசான இன்னொரு பீரோடு கலப்பது மேல்.

தமிழ்நாட்டில் வீட்டில் காய்ச்சுவதே குற்றம், அது வேறு விஷயம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.