அந்தப் படம் எங்கே போயிற்று?

நள்ளிரவில் பேருந்துக்காக நின்றிருந்த என் அக்கா மகனைக் காவலர்கள் நிறுத்தி, ஊர்ப் பெயரைக் கேட்டதும் கைபேசியில் முகத்தைப் படமெடுத்துக்கொண்டு அவனைப் போகவிட்டதைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த நண்பர்களே “தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?” என்று கேட்டது, நடந்ததைவிட அதிகமாக வலிக்கிறது. அவன் பயப்படவில்லை. அந்தப் படம் எங்கே போயிற்று என்றுதான் கேட்கிறான்.

தமிழ்நாடு காவல்துறை 2021 முதல் முகங்களை அடையாளம் காணும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. 2024 மே மாதத்தில் அதன் தளத்துக்குள்ளேயே அயலார் புகுந்துவிட்டார்கள். தில்லியிலோ 80 சதவீதம் ஒத்துப்போனாலே பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டவர்களுக்குக் காவல்துறையே 2022இல் பதில் சொன்னது. மீதி 20 சதவீதத்தில் யாருடைய பிள்ளை நிற்கிறான்?

இன்னொரு வகை மென்பொருள், எங்கே குற்றம் நடக்கும் என்று நடக்குமுன்பே சொல்லிவிடும் என்கிறார்கள். இயந்திரத்துக்குக் குற்றம் தெரியாது. காவல் நிலையப் பதிவேடுதான் தெரியும். ரோந்து அதிகம் போகும் தெருவில் வழக்குகள் அதிகம் பதிவாகும்; அதைப் படித்த இயந்திரம் அதே தெருவைக் காட்டும்; ரோந்து மேலும் கூடும். ரோந்தே போகாத தெருவின் குற்றம் கணக்கிலேயே ஏறாது. இம்முறையை அமெரிக்காவில் முதலில் கையாண்ட நகரங்களுள் ஒன்றான சான்டா குரூஸ், 2020இல் அதைத் தடையே செய்துவிட்டது.

காணாமல் போன குழந்தைகளைக் கண்டுபிடிக்க முகம் காணும் மென்பொருள் உதவுமே என்பீர்கள். உதவட்டும், மறுக்கவில்லை. கொலை நடந்தபின் கேமராப் பதிவைத் தேடுவதையும் நான் குறை சொல்லவில்லை. நடக்காத குற்றத்துக்கு முன்கூட்டியே ஆள் குறித்துவைப்பதைத்தான் எதிர்க்கிறேன். தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017இல் தீர்ப்பளித்தார்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க இடம் வைத்திருக்கிறது. பிறகு அவன் யாரிடம் போய்க் கேட்பான்?

எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். இதைப் பதிவேடு, மென்பொருள் என்று மட்டும் என்னால் பேச முடியவில்லை. எங்கள் சாதி உட்படச் சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று ஆங்கிலேயர் முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தை, ரேகைச் சட்டம் என்போம். அந்தக் காலத்தில் என் தாத்தா இரவுதோறும் போலீஸ் கச்சேரிக்குப் போய்ப் பெயர் கொடுத்தவர். வெளியூர் போக ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வாங்கியவர். அவர் எதையும் திருடியதில்லை. அந்தச் சாதியில் பிறந்திருந்தார், அவ்வளவுதான். கைரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் 16 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அன்று விரலைக் கேட்டார்கள். இன்று அவருடைய கொள்ளுப்பேரனின் முகத்தைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். இதை நான் மிகைப்படுத்துகிறேன் என்று சொல்பவர்கள், ஊர்ப் பெயரைச் சொன்ன பிறகு ஏன் படமெடுத்தார்கள் என்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

இரவு வேலைக்குப் போகும் அவன் சட்டைப் பையில், வேலை செய்யும் இடத்தில் எழுதி வாங்கிய கடிதத்தை இப்போது அக்கா தினமும் மடித்து வைக்கிறாள். தாத்தா ராதாரிச் சீட்டை வேட்டி முனையில் முடிந்துகொண்டு போனதை எனக்குச் சொன்னவளும் அவள்தான்.